பழைய துணியும் கொடுத்த கையும்

செமஸ்டர் முடிந்து, காஸ்ட் அக்கவுண்டிங் தலைவலி கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ரொம்ப நாளாக மனதில் கிடந்த ஒரு விஷயத்தை இன்று எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எங்கள் வகுப்பில் இப்போது 'த்ரிஃப்ட்' என்றொரு சொல் சுற்றிக்கொண்டிருக்கிறது. யாரோ நாலைந்து தடவை உடுத்திய சட்டையைத் துவைத்து, அயர்ன் பண்ணி, அழகாகப் போட்டோ எடுத்து இன்ஸ்டாகிராமில் விற்கிறார்கள். இருநூறு, முந்நூறு ரூபாய்க்கு நல்ல பிராண்டு சட்டை. வாங்குகிற பசங்களுக்கும் பெருமை. இதையே எங்கள் திருவெள்ளறையில் என் அப்பத்தாவிடம் சொன்னால், "ஊரான் உடுத்துன துணிய காசு குடுத்தா வாங்குறே?" என்பார். அதே அப்பத்தா, தீபாவளி நேரத்தில் தெப்பக்குளம் பக்கம் பிளாட்பாரத்தில் லேபிள் வெட்டிய திருப்பூர் டீசர்ட்டை நூறு ரூபாய்க்கு எடுத்து வந்தால், "பரவால்லயே, கெட்டிக்காரன்" என்று சொல்வார்.

இரண்டுமே மலிவு. இரண்டுமே யாரோ வேண்டாம் என்று தள்ளிய சரக்கு. ஒன்று அசிங்கம், இன்னொன்று சாமர்த்தியம். இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று தேடப் போய், அது எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போய்விட்டது.

முதலில் வெளிநாட்டுக் கதையைச் சட்டென்று முடித்துவிடுவோம். மேல்நாட்டில் பழைய துணிக்கடை என்பது தர்மத்தோடு பிறந்தது. 1902இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற மெதடிஸ்ட் பாதிரியார், பணக்கார வீடுகளில் பழைய துணிமணிகளை வாங்கி, ஏழைகளுக்கே அதைத் தைத்துச் சரிசெய்கிற வேலையும் கொடுத்து, மலிவு விலைக்கு விற்க ஏற்பாடு செய்தார். அதுதான் இன்றைய குட்வில். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபாம் தன் முதல் கடையை ஆக்ஸ்ஃபோர்டின் பிராட் ஸ்ட்ரீட்டில் திறந்தது 1940களின் கடைசியில். இரண்டாம் உலகப் போரில் அந்த நாட்டில் துணிக்கே ரேஷன். 1941 ஜூனில் ஆரம்பித்து 1949 மார்ச் வரை கூப்பன் கொடுத்துத்தான் கோட்டு சட்டை வாங்க வேண்டும். கிழிந்ததைத் தைத்துப் போடு என்று அரசாங்கமே பிரசாரம் செய்த காலம். அதனால் பழைய துணி உடுத்துவது அங்கே ஒரு தலைமுறைக்கே பழகிப்போனது.

நம் ஊரில் அப்படிக் கடை ஏன் வரவில்லை? ஏழ்மை இல்லாமலா? பழைய துணி இல்லாமலா? இரண்டும் தாராளமாக இருந்தது. அடுத்தவர் துணியை உடுத்துகிற வழக்கமும் இருந்தது! அதற்கு ஒரு ருசிகரமான சாட்சி உண்டு.

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியோடு சேர்ந்து 1909இல் தென்னிந்தியச் சாதிகள், குடிகள் பற்றி ஏழு தொகுதி போட்டார். அதில் வண்ணார் பற்றி எழுதும்போது, வெளுக்க வந்த துணிகளை அவர்கள் வாடகைக்கு விடுவதைச் சொல்கிறார். சாவு வீட்டில் பாடை தூக்குபவர்களின் கால் தரையில் படாமல் இருக்க வழி நெடுக விரிக்கிற துணி (நம் பக்கம் நடைபாவாடை என்பார்கள்) இப்படி வருவதுதானாம். கூடவே ஒரு கதையும் சொல்கிறார். வேட்டைக்குப் போன வெள்ளைக்காரர்கள் சிலர் ஒரு மலைக் கிராமத்துப் பக்கம் சவ ஊர்வலத்தைப் பார்க்கிறார்கள். பாடையில் வெள்ளை வெளேரென்று துணி. அதில் போட்டிருந்த எழுத்தைப் பார்த்தால், வந்தவர்களில் ஒருவருடைய பெட்ஷீட்! பிணத்துக்கு அடியில் விரித்திருந்ததோ இன்னொருவருடையது. அந்த மனிதர் எழுத்து இருந்த மூலையை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டார். சில நாள் கழித்து விரிப்பு வெளுத்து மடித்து வீட்டுக்கு வந்தது. மூலை எங்கே என்று கேட்டதற்கு, தான் இல்லாத நேரத்தில் உதவியாள் யாராவது செய்திருப்பார்கள் என்று பதில் வந்ததாம்.

தர்ஸ்டன் இதைக் கேலியாகத்தான் எழுதுகிறார். காலனி ஆட்சிக்காரர் பார்வை அப்படி. ஆனால் காமர்ஸ் மாணவனாக எனக்கு இதில் வேறொன்று தெரிகிறது. ஒரே துணி, மூன்று பேருக்குப் பயன். சொந்தக்காரருக்குத் துவைத்த துணி கிடைக்கிறது, வெளுப்பவருக்கு ஊர் கொடுக்கிற அற்பக் கூலிக்கு மேல் நாலு காசு கிடைக்கிறது, துணியே இல்லாதவருக்கு ஒரு நாள் மரியாதை கிடைக்கிறது. ஊருக்குள் ஆடையை ஓடவிட்ட ஒரு சந்தை இது. ஒரே நிபந்தனை, துணி யாருடையது என்று வெளியே தெரியக் கூடாது. மூலையில் எழுத்து இருந்ததுதான் சிக்கல்.

இதைப் பிடித்துக்கொண்டே போனால் எங்கள் ஊருக்கே வந்து சேரலாம்.

திருவெள்ளறை தெரியாதவர்களுக்கு: திருச்சியிலிருந்து துறையூர் போகிற ரோட்டில், மண்ணச்சநல்லூர் தாண்டி வருகிற ஊர். புண்டரீகாட்சப் பெருமாள் கோயில், பல்லவர் காலத்து ஸ்வஸ்திகக் கிணறு, முடிக்காமல் விட்ட மொட்டை கோபுரம் இவைதான் எங்கள் சொத்து. இந்தப் பெருமாளைப் பாடியவர்களில் ஒருவர் பெரியாழ்வார். கண்ணனுக்குக் கண்ணேறு படாமல் காப்பிட அழைக்கிற பாசுரங்களில் வெள்ளறையைப் பாடியிருக்கிறார். அதே பெரியாழ்வார் திருப்பல்லாண்டில், பெருமாள் உடுத்திக் களைந்த மஞ்சள் ஆடையை உடுத்துவதையும், அவர் அமுது செய்த மிச்சத்தை உண்பதையும் அடியாருடைய பெருமையாகச் சொல்கிறார். அவர் மகள் ஆண்டாளோ தான் சூடிய மாலையைப் பெருமாளுக்கே அனுப்பியவள். அந்த வீட்டில் 'யூஸ்டு' என்ற சொல்லுக்கு இடமே கிடையாது போல :-)

இன்றும் ஸ்ரீரங்கத்தில் போய்ப் பாருங்கள். கோயில் மரியாதை என்றால் என்ன? மாலை, பரிவட்டம். பெருமாளோடு சம்பந்தப்பட்ட துணியைத் தலையில் கட்டிவிடுவது. அதை முதலில் யாருக்குக் கட்டுவது என்பதற்காகத் தமிழ்நாட்டில் எத்தனை சண்டை, எத்தனை கோர்ட் வழக்கு! அம்மன் கோயில்களில் சாத்திய புடவைகளை ஏலம் விட்டால் போட்டி போட்டு எடுக்கிறார்கள். வீட்டில் அதைப் புதுப்புடவையை விட பத்திரமாக வைக்கிறார்கள்.

ஆக, ஏற்கெனவே உடுத்திய துணி என்பதால் நமக்கு அருவருப்பு என்பது உண்மையில்லை. கொடுக்கிற கை எது என்பதுதான் கேள்வி. சாமி கொடுத்தால் பிரசாதம். அண்ணன் சட்டை தம்பிக்கு வந்தால் குடும்ப வழக்கம். பண்ணையார் கொடுத்தால்?

இங்கேதான் கதை கசக்க ஆரம்பிக்கிறது. பண்ணை ஆட்களுக்குக் கூலியோடு பழைய வேட்டி, பழைய சேலை கொடுப்பது பல ஊர்களில் நடந்தது. கொடுத்தவருக்கு அது தர்மம். வாங்கியவருக்கு, தன் இடம் எது என்று வருஷா வருஷம் நினைவுபடுத்துகிற துணி. மனுதர்ம சாத்திரம் சண்டாளர்களுக்கு விதித்த உடை என்ன தெரியுமா? செத்தவர்களின் துணி. பழந்துணி என்பது இங்கே சாதியின் யூனிஃபார்மாக எழுதி வைக்கப்பட்ட ஒன்று.

புதுசு உடுத்த முயன்றால் என்ன ஆனது? 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். ஜே.எச். ஹட்டன் தன் சாதி பற்றிய நூலில் அவற்றைப் பட்டியலாகவே தருகிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. பெண்கள் ரவிக்கை போடக் கூடாது. நகை கூடாது, குடை கூடாது, செருப்பு கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. அடுத்த வருஷம் 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாகக் கூடின.

பனியன்! நாம் வீட்டில் தரை துடைக்க எடுக்கிற பனியன். அதைப் போட்டதற்கு வீட்டைக் கொளுத்தியிருக்கிறார்கள். இந்தச் சொல்லைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வரும்.

இந்தப் பின்னணியில் பார்த்தால், 1921இல் காந்திக்கும் தாகூருக்கும் நடந்த வாதம் எனக்குப் புதிதாகப் புரிகிறது. அந்த வருஷம் ஜூலை 31 அன்று பம்பாயில் அந்நியத் துணிகளை மலையாகக் குவித்துக் கொளுத்தினார்கள். எரிக்கிற துணி உங்களுடையது இல்லை, துணியில்லாமல் தவிப்பவர்களுடையது என்பது தாகூர் கட்சி. நியாயமாகத்தானே படுகிறது? ஆண்ட்ரூஸுக்கும் எரிப்பது பிடிக்கவில்லை. காந்தியின் பதில் வேறு மாதிரி இருந்தது. ஏழைக்குத் தன்மானம் கிடையாதா, நாம் தின்ன மாட்டோம் என்று ஒதுக்கிய சோற்றை அவனுக்குக் கொடுக்கக் கூசுகிறோம் இல்லையா, துணிக்கும் அதேதான் என்றார். அதே ஆண்டு செப்டம்பர் 22 அன்று மதுரையில் அவர் தன் மேலாடையைக் களைந்து அரை வேட்டிக்கு மாறினார்.

நல்ல துணியை எரித்தது சரியா என்று கேட்டால் எனக்கு இன்னும் தாகூர் பக்கம்தான் மனம் சாய்கிறது. கணக்குப் படிக்கிறவன் சரக்கை எரிக்கச் சம்மதிப்பானா! ஆனால் கொடுப்பதிலும் ஓர் அவமதிப்பு ஒளிந்திருக்கலாம் என்பதைக் காந்தி பிடித்த இடம் லேசானதில்லை.

பழையதை வாங்குவது அவமானம், தூக்கிப் போடவும் மனம் வராது. இதற்குத் தமிழ்நாட்டுப் பெண்கள் கண்ட வழிதான் பாத்திரக்காரர். "பழைய துணிக்குப் பாத்திரம்" என்று தெருவில் கூவிக்கொண்டு வருவாரே, அவர்தான். நாலு பேண்ட், இரண்டு சேலை கொடுத்தால் ஒரு எவர்சில்வர் கிண்ணம். பேரம் பேசுவதில் எங்கள் தெருப் பெண்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பட்டுப்புடவைக்குத் தனி ஆள் வருவார். அவருக்கு வேண்டியது சரிகையில் இருக்கிற வெள்ளி. பருத்தித் துணி கந்தலானால் ஒர்க்ஷாப்புகளுக்கு எண்ணெய் துடைக்கும் 'வேஸ்ட்' ஆகப் போகும். திருச்சியில் 1928இலிருந்து பொன்மலை ரயில்வே பணிமனை, 1960களிலிருந்து பெல், அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான பட்டறைகள். துடைக்கிற துணிக்குத் தேவை எப்போதும் உண்டு.

இந்த ஏற்பாட்டின் அழகைக் கவனியுங்கள். கொடுப்பவர் யாருக்குக் கொடுக்கிறோம் என்று பார்ப்பதில்லை, எங்கோ ஓர் ஊரில் அதை உடுத்துபவர் யார் கொடுத்தது என்று பார்ப்பதில்லை. நடுவில் ஒரு கிண்ணம் நின்று இரண்டு முகங்களையும் மறைத்துவிடுகிறது.

அரசாங்கமும் பழைய துணி விஷயத்தில் ஜாக்கிரதையாகத்தான் இருந்திருக்கிறது. வெளிநாட்டுப் பழைய உடைகளை இஷ்டம் போல் இறக்குமதி செய்ய இந்தியாவில் முடியாது, லைசென்ஸ் வேண்டும். 1965இல் தொடங்கிய காண்ட்லா ஏற்றுமதி மண்டலத்தில் சில கம்பெனிகள் உலகத்துப் பழைய துணியைக் கொண்டுவந்து தரம் பிரித்துத் திரும்ப வெளிநாட்டுக்கு அனுப்புகின்றன. கம்பளித் துணி என்றால் உடுத்த முடியாதபடி கிழித்துக் கந்தலாகத்தான் உள்ளே விடுவார்கள். அது பானிபட்டுக்குப் போய் நூலாகிப் போர்வையாகிறது. உள்ளூர் நெசவையும் தையலையும் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடு. இந்தக் கதவைத் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்கா உதாரணம். கென்யாவில் மிடும்பா, கானாவில் காண்டமாண்டோ சந்தை என்று மேல்நாட்டுப் பழைய துணி மூட்டை மூட்டையாக இறங்குகிறது. ருவாண்டா 2016இல் அதற்கான வரியைக் கிலோவுக்கு 20 சென்ட்டிலிருந்து 2.50 டாலராக ஏற்றியது. 2018இல் அமெரிக்கா பதிலுக்கு அந்த நாட்டு ஆடைகளுக்குக் கொடுத்திருந்த வரிச் சலுகையை நிறுத்தியது. பழைய துணியை வாங்க மாட்டேன் என்று சொன்னதற்குத் தண்டனை!

தமிழ்நாட்டு அரசு 1983இல் எம்.ஜி.ஆர். காலத்தில் இலவச வேட்டி சேலைத் திட்டம் கொண்டுவந்தபோது, பழையதைச் சேகரித்துக் கொடுக்கவில்லை. நெசவாளரிடம் புதிதாக நெய்து வாங்கிக் கொடுத்தது. தரம் பற்றி எத்தனையோ குறை சொல்லலாம். பொங்கலுக்கு மடிப்புக் கலையாத துணி கைக்கு வருகிறது என்பதன் அர்த்தத்தை, மேலே சொன்ன 1930ஐ வைத்து யோசித்துப் பாருங்கள்.

சரி, திருப்பூருக்கு வருவோம். இனிதான் நம் பர்ஸுக்கு வேண்டிய விஷயம்.

1920களில் அங்கே பனியன் பின்னுகிற மெஷின்கள் வந்தன. இராமநாதபுரத்தில் பனியன் போடாதே என்று தடை போட்ட அதே காலத்தில், திருப்பூரில் அதைக் கட்டுக்கட்டாக நெய்து தள்ள ஆரம்பித்திருக்கிறார்கள். உள்நாட்டு உள்ளாடையாகவே ஐம்பது வருஷம் ஓடிய தொழில், 1970களின் கடைசியில் கடல் கடந்தது. 1978இல் வெரோனா என்ற இத்தாலிய வியாபாரி கொடுத்த ஆர்டர்தான் பிள்ளையார் சுழி என்று சொல்வார்கள். 1990இல் ஏற்றுமதியாளர் சங்கம் வந்தது. 2005 ஜனவரி 1 அன்று உலக ஆடை வர்த்தகத்தில் இருந்த கோட்டா முறை முடிந்ததும் ஆர்டர்கள் கொட்டின.

ஏற்றுமதி என்று வந்ததும் கூடவே பிறந்ததுதான் 'செகண்ட்ஸ்'. உதாரணத்துக்குப் பத்தாயிரம் பீஸ் ஆர்டர் என்றால், சேதம் போகும் என்று கணக்குப் பண்ணி முந்நூறு நானூறு கூடவே வெட்டுவார்கள். தைத்து முடித்தபின் கறை, சின்ன ஓட்டை, சாய வித்தியாசம், அளவு வித்தியாசம் என்று சில கழியும். கழியாமல் மிஞ்சியதும் இருக்கும், அதற்குப் பெயர் சர்ப்ளஸ். சில சமயம் பையர் மொத்த ஆர்டரையே ரத்து செய்வார். இதெல்லாம் லாட் லாட்டாக, ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கிற காதர்பேட்டைக்கு வந்து சேரும். அங்கிருந்து திருச்சி என்.எஸ்.பி. ரோடு, மதுரை, சென்னை, கேரளா என்று பிரியும். பிராண்டின் பெயர் வெளியே தெரியக் கூடாது என்பதால் லேபிளைக் கத்தரித்துவிடுவார்கள். (தர்ஸ்டன் கதையில் மூலையை வெட்டினாரே, அது ஞாபகம் வருகிறதா?)

விலை ஏன் அவ்வளவு மலிவு? காஸ்ட் அக்கவுண்டிங்கில் நார்மல் லாஸ் என்று ஒரு பாடம் உண்டு. எதிர்பார்த்த சேதத்தின் செலவை நல்ல பீஸ்கள் தலையிலேயே ஏற்றிவிட வேண்டும். சேதமான பீஸை விற்று வருவது வெறும் ஸ்கிராப் வரவு. அதாவது பிளாட்பாரத்தில் நாம் எடுக்கிற டீசர்ட்டின் பஞ்சு, சாயம், தையல் கூலி எல்லாவற்றையும் ஜெர்மனியிலோ இத்தாலியிலோ யாரோ ஏற்கெனவே கட்டிவிட்டார். நமக்கு வருவது செலவே இல்லாத சட்டை. அதனால்தான் கடைக்காரர் இருநூறு சொல்லி நூறுக்கு இறங்கினாலும் அவருக்கு நஷ்டமில்லை. தைரியமாகப் பேரம் பேசுங்கள்.

பேசுவதற்கு முன் கொஞ்சம் பாருங்கள். சட்டையை உள்பக்கம் திருப்பித் தோள் தையல், அக்குள் தையல் இரண்டையும் இழுத்துப் பார்க்க வேண்டும். டியூப்லைட் வெளிச்சத்தில் சாய வித்தியாசம் தெரியாது, வாசலுக்கு எடுத்து வாருங்கள். பக்கத் தையல் நேராக இறங்காமல் முன்பக்கம் திருகிக்கொண்டு போனால் வைத்துவிடுங்கள், துவைத்தால் இன்னும் திருகும். லேபிள் வெட்டிய இடத்தில் கத்தரி துணியையும் கடித்திருக்கலாம். ஐரோப்பிய அளவு நமக்குப் பெரிது, வழக்கத்தை விட ஒரு சைஸ் குறைத்து எடுங்கள். மீதியைத் தெருமுனை டெய்லர் ஐம்பது ரூபாய்க்குப் பார்த்துக்கொள்வார். கருப்பு, வெள்ளை, கருநீலம் என்று மூன்று நிறத்தில் வாங்கினால் ஐந்து சட்டையை வைத்துக்கொண்டு ஒரு செமஸ்டரை ஓட்டிவிடலாம். நான் ஓட்டியிருக்கிறேன்.

கொழும்பில் இன்று பெரிய கடையாக இருக்கிற ஓடெல்கூட இப்படித் தொடங்கியதுதான். 1989இல் ஓத்தாரா குணவர்த்தன ஏற்றுமதியில் மிஞ்சிய ஆடைகளைக் கார் டிக்கியில் வைத்துத் தெரிந்தவர்களிடம் விற்றார். நம் உறையூர் மஸ்லின் 2000 வருஷத்துக்கு முன்பே ரோமாபுரி வியாபாரிகள் தேடி வந்த சரக்கு, பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல் வணிக நூல் அதைக் குறிப்பிடுகிறது. அப்போதும் ரிஜெக்ட் பீஸ் உறையூர்த் தெருவில் சல்லிசாக விற்றிருக்கும் என்பது என் சொந்தக் கற்பனை.

மலிவுக்கு வேறொருவர் விலை கொடுத்தார் என்பதையும் விட்டுவிட முடியாது. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு ஓடி, ஒரத்துப்பாளையம் அணையே சாய நீர்த் தொட்டியானது. பாசனத்துக்குக் கட்டிய அணையை வேண்டாம் என்று விவசாயிகளே சொல்லும் நிலை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. நார்மல் லாஸ் கணக்கில் ஆற்றுக்கு என்று ஒரு வரி எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

இப்போது அப்பத்தாவின் தீர்ப்புக்குக் காரணம் விளங்கியிருக்கும். திருப்பூர் ரிஜெக்ட்டை நமக்கு முன்னால் எவரும் உடுத்தவில்லை, எவரும் பெருந்தன்மையாகத் தூக்கிக் கொடுக்கவும் இல்லை. குனிந்து வாங்க வேண்டாம், காசை வைத்து எடுக்கலாம். ஒரு தலைமுறைக்கு முன் சட்டையே மறுக்கப்பட்ட குடும்பத்துப் பையனும், அக்ரஹாரத்துப் பையனும் ஒரே குவியலில் கைவிட்டுத் துழாவுகிறார்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் என்.எஸ்.பி. ரோட்டில் நின்றால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இன்ஸ்டாகிராம் கடைகள் இந்தக் கணக்கில் எங்கே நிற்கின்றன? கோவிட் ஊரடங்கு நாட்களில் இருந்து நம் நாட்டில் இவை பெருகின. சும்மா ஒரு நாள் உட்கார்ந்து பத்து இருபது பக்கங்களைப் புரட்டினேன். துணியின் மார்பளவு இருக்கிறது, நீளம் இருக்கிறது, சின்னக் கறை இருந்தால் அதற்குத் தனிப் போட்டோகூட இருக்கிறது. முன்பு யார் உடுத்தியது என்று மட்டும் ஓர் இடத்திலும் இல்லை. சட்டை ஹேங்கரில் தனியாகத் தொங்குகிறது. அயர்ன் மட்டும் பிரமாதம்.